சென்னையில் இருந்தபடி ஒரு மலையூரின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ கல்வராயன் மலையிலோ உள்ள ஓர் ஊரைப் பற்றி அரசாங்கம் 200 ஆண்டுகளாக எழுதிவைத்த தாள்களில் பெரும்பகுதி அந்த மலையில் இல்லை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்க்க வேண்டுமென்றால் மலை இறங்கி, பஸ் பிடித்து, இரண்டு நாள் கூலியை இழந்து சென்னைக்கு வர வேண்டும். வந்தாலும் ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்க வேண்டும். நமக்கோ அது மின்சார ரயில் போய்ச் சேரும் தூரம்தான். மலையின் வரலாற்றில் மறுபாதி பெரியவர்களின் நினைவிலும் பாட்டிலும் நடுகல்லிலும் இருக்கிறது. அது எழும்பூருக்கு வராது. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து, சேர்த்ததை ஊருக்கே திருப்பிக் கொடுக்கும் வேலை சென்னைவாசிகளால் முடியக்கூடியது. யாரேனும் செய்தே ஆக வேண்டியது என்றும் நினைக்கிறேன். வரலாற்றில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. பொறுமையும் தேதியைச் சரியாகக் குறித்துவைக்கும் பழக்கமும் இருந்தால் போதும்.

முதலில்: எவ்வளவு சின்ன இடம்?

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மலை முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். ‘கொல்லிமலையின் வரலாறு’ என்று தலைப்பிட்டு, வல்வில் ஓரியில் ஆரம்பித்து, கொல்லிப்பாவைக்கு நான்கு பக்கம் ஒதுக்கி, 20ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது களைத்துப்போகிறார்கள். ஓரியைப் பற்றி எழுதப் புலவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1950களில் உங்கள் ஊரிலிருந்து சந்தைக்கு யார் எந்த வழியாக நடந்துபோனார்கள் என்பதை எழுத உங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

ஆகவே ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலைகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த அலகு. கொல்லிமலையில் வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று இன்றும் ஊராட்சிகளின் பெயராகவே அது நிற்கிறது. சேர்வராயன் மலையில் சேல நாடு, முட்ட நாடு, மொக நாடு என்ற பிரிவுகள் இருந்தன. திருமண உறவும், திருவிழா முறையும், பஞ்சாயத்துத் தீர்ப்பும் இந்த நாட்டு அமைப்பை ஒட்டியே நடந்தன. வருவாய்த் துறையின் கிராமம் வேறு, மக்களின் நாடு வேறு. இரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பதே நல்ல தொடக்கம்.

உங்கள் குடும்ப வேர் எந்த மலையில் இருக்கிறதோ அதையே எடுங்கள். அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு ஜவ்வாது மலையைச் சொல்வேன். சென்னையிலிருந்து போளூர் போய், அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறிவிடலாம். அடிவாரத்துச் செங்கம் பகுதியில் நடுகல் ஆராய்ச்சி ஏற்கெனவே நன்றாக நடந்திருப்பதால் பிடிமானமும் கிடைக்கும்.

இரண்டாவது: எல்லைகளின் வரலாற்றை ஒரு தாளில் எழுதுங்கள்

இதைச் செய்யாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போகாதீர்கள். மலைகள் சமவெளி மாவட்டங்களின் ஓரத்தில் இருப்பவை. மாவட்டக் கோடு மாறும்போதெல்லாம் அவைதான் கைமாறியிருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த மாவட்டம் என்று தெரியாவிட்டால் தவறான ஆவணக் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஏலகிரியைப் பாருங்கள். இன்று அது திருப்பத்தூர் மாவட்டம். அந்த மாவட்டம் உருவானதே 2019இல்தான். அதற்கு முன் வேலூர், அதற்கும் முன் வட ஆர்க்காடு. ஆனால் 1911க்கு முன் திருப்பத்தூர் தாலுகா சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டு ஏலகிரியை வட ஆர்க்காட்டுப் பதிவுகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சேலத்தில் தேட வேண்டும். சித்தேரி மலை 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை சேலத்தில் இருந்தது. கொல்லிமலை 1997வரை சேலம், பிறகு நாமக்கல். இடையில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாமக்கல் தாலுகா சில காலம் திருச்சி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டிருந்தது. கொடைக்கானலுக்கு 1985வரை மதுரை, பிறகு திண்டுக்கல். கல்வராயன் மலை சேலத்துக்கும் தென் ஆர்க்காட்டுக்கும் பங்காகக் கிடந்தது. தென் ஆர்க்காட்டுப் பகுதி 1993இல் விழுப்புரத்துக்கும் 2019இல் கள்ளக்குறிச்சிக்கும் போனது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது நீலகிரி. முதலில் அது கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. 1830இல் அதன் மேற்குப் பாதியை மலபாரோடு சேர்த்தார்கள். 1843இல் திரும்பவும் கோயம்புத்தூருக்கே கொடுத்தார்கள். 1868இல் தனி ஆணையரின் கீழ் வந்தது. 1877இல் தென்கிழக்கு வயநாடு, அதாவது இன்றைய கூடலூர்ப் பக்கம், மலபாரிலிருந்து நீலகிரிக்கு வந்தது. கூடலூர்க் குடும்பம் ஒன்றின் பழைய நிலப் பதிவு மலபார் மாவட்டக் கட்டில் இருப்பது இதனால்தான்.

இந்தக் கோடுகளைக் காகித விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1976ஆம் ஆண்டின் பழங்குடியினர் பட்டியல் மலையாளி எனப்படும் தமிழ்நாட்டு மலைவாழ் மக்களை (கேரளத்தவரை அல்ல) தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் பழங்குடியாக ஏற்றுக்கொண்டது. கோயம்புத்தூர் அதில் இல்லை. அந்த மாவட்டத்திலிருந்து பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் இன்றுவரை அந்தச் சான்றிதழுக்காகப் போராடுகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி உதவி, அந்தப் பக்கம் பிறந்த மாமன் மகனுக்கு இல்லை. நீங்கள் எழுதும் எல்லை வரலாறு யாரோ ஒருவருடைய மனுவோடு இணைக்கப்படலாம் என்ற நினைவோடு எழுதுங்கள்.

மூன்றாவது: அச்சில் வந்தவற்றைப் படித்துவிடுங்கள்

கையெழுத்துப் படிகளுக்குப் போகுமுன் அச்சில் உள்ள மாவட்டக் கையேடுகளையும் கெஜட்டியர்களையும், அதாவது ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய மாவட்ட விவர நூல்களை, முடித்துவிடுங்கள். சேலத்துக்கு லெ ஃபானு எழுதிய 1883ஆம் ஆண்டுக் கையேடும், ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டு கெஜட்டியரும் உள்ளன. நீலகிரிக்கு கிரிக் எழுதியது 1880இலும், பிரான்சிஸ் எழுதியது 1908இலும் வந்தன. வட ஆர்க்காட்டுக்கு காக்ஸ் 1881இல் எழுதி, ஸ்டூவர்ட் பின்னர் திருத்தியது இருக்கிறது. பழனி மலைக்கு, மதுரை நாட்டைப் பற்றி நெல்சன் 1868இல் எழுதியதையும் பிரான்சிஸின் 1906ஆம் ஆண்டு கெஜட்டியரையும் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தாளில் புரட்டிப் பார்க்க விரும்பினால் எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்கோ, 1812இல் தொடங்கிய நுங்கம்பாக்கம் மெட்ராஸ் இலக்கியச் சங்கத்துக்கோ போங்கள்.

படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது எழுத்துக்கூட்டல். சேர்வராயன் ஆங்கிலத்தில் ஷெவராய் ஆகிவிட்டது, ஜவ்வாது ஜாவடி ஆகிவிட்டது, பழனி மலை புல்னீஸ் ஆகிவிட்டது. ஊர்ப் பெயர்கள் இன்னும் மோசம். தேடும்போது ஐந்தாறு வடிவங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எழுதியவர்களின் பார்வை. வரி எவ்வளவு வரும், காப்பி விளையுமா, தேக்கு எங்கே இருக்கிறது, காய்ச்சல் எந்த மாதத்தில் அதிகம் என்பவையே அவர்களுக்கு முக்கியம். மக்களைப் பற்றி எழுதும் இடங்களில் இன்று படிக்கக் கூசும் சொற்கள் வரும். அந்த வாக்கியங்களை மேற்கோளாகத் தூக்கி உங்கள் கட்டுரையில் வைக்காதீர்கள். அவற்றுக்குள் இருக்கும் செய்தியை, அதாவது எந்த ஊர், எத்தனை வீடு, என்ன பயிர், என்ன வரி என்பதை, எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

1901க்கும் 1918க்கும் நடுவில் ஒரு மலையைப் பற்றி ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து அதிகாரிகள் ஏறாமல் இருந்திருக்கலாம். அப்படி ஏறாத இடங்களில் சில நேரம் பாதிரிமார்களின் பதிவுகள் உதவும். 1913 வாக்கில் கொல்லிமலையில் குடியேறிய பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்ட் அங்கேயே 1929இல் காய்ச்சலில் இறந்தார்.

நான்காவது: எழும்பூர் ஆவணக் காப்பகம்

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காந்தி இர்வின் சாலையில் உள்ள செங்கற்சிவப்புக் கட்டடம்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். உள்ளே போய்ப் படிக்க அனுமதி வாங்க வேண்டும். ஆணையருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அதில் தலைப்பையும் காலத்தையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ‘ஜவ்வாது மலை’ என்று பொதுவாக எழுதுவதைவிட ‘1880 முதல் 1930வரை போளூர் தாலுகா மலைக் கிராமங்களில் வனத் துறை நிலம் எடுத்தது’ என்று எழுதினால் ஊழியர்களுக்கும் எதை எடுத்துத் தருவது என்று புரியும். அடையாள அட்டை தேவை. கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் வேலை எளிதாகும். நகல் எடுக்கும் விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறுபவை, முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பேனாவைப் பையில் வைத்துவிட்டுப் பென்சிலால் எழுதுங்கள்.

அங்கே அலமாரிகளுக்கு நடுவே உலாவி எடுக்க முடியாது. முதலில் அட்டவணைத் தொகுதி. ஆண்டுவாரியாக, துறைவாரியாக அச்சிட்ட அட்டவணைகளில் உங்கள் மலையின் பெயரைத் தேடி, அரசாணையின் எண், நாள், துறை மூன்றையும் குறிக்க வேண்டும். பிறகு அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கட்டு வரும். முதல் சில நாட்கள் முழுவதும் அட்டவணையிலேயே போகும். அதுவே வேலை. அவசரப்பட்டுக் கட்டுகளைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களைவிட, அட்டவணையோடு பொறுமையாக உட்காருபவர்களே அதிகம் கண்டுபிடிக்கிறார்கள்.

எதைக் கேட்பது? மலைகளுக்கு நான் முக்கியமாகக் கருதுபவை இவை. வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள்: 1786இல் தொடங்கி 1980வரை இயங்கிய வாரியம் அது. கலெக்டர் எழுதிய கடிதங்கள், மேல்முறையீடுகள், மலைவரி பற்றிய வாதங்கள் எல்லாம் அதில் உண்டு. சேலம் பக்கத்து மலைகளுக்கு 1792 முக்கியமான ஆண்டு. திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்து, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நில அளவையைத் தொடங்கிய காலம். அந்தப் பதிவுகளில் ஒரு பகுதி பாரமகால் ஆவணங்கள் என்று அச்சாகியும் இருக்கிறது.

அடுத்தது வனம். என்னைக் கேட்டால் மலை வரலாற்றின் நடு முடிச்சு இதுதான். 1882இன் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு காடாக ஒதுக்குக்காடு என்று அறிவித்தார்கள். முதலில் 4ஆம் பிரிவின் கீழ் உத்தேச அறிவிப்பு. பிறகு வன நிர்ணய அதிகாரி மக்களின் உரிமைக் கோரிக்கைகளைக் கேட்பார். முடிவில் 16ஆம் பிரிவின் கீழ் இறுதி அறிவிப்பு. அறிவிப்புகள் அன்றைய அரசிதழான புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் வந்தன. நடுவில் நடந்த விசாரணைதான் நமக்குப் புதையல். யார் எந்தக் கொத்துக்காட்டில், அதாவது ஏரில்லாமல் கொத்திப் பயிரிடும் நிலத்தில், விதைத்தார், எந்த வழியில் மாடு போனது, எந்தக் கோவிலுக்கு எந்தப் பாதை, எதை அதிகாரி ஏற்றார், எதைத் தள்ளினார் என்பது அதில் பெயரோடு வரும். ஓரிடத்தில் அப்படி ஒரு கோரிக்கைப் பட்டியல் கிடைத்தால் அதை வரி விடாமல் படியெடுத்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோரும்போது கெஜட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை ஆவணம், வரைபடம், வனத் துறையின் செயல்திட்டம் ஆகியவற்றோடு ஊர்ப் பெரியவர்களின் எழுதப்பட்ட வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. பழங்குடி அல்லாத பிற வனவாசிகள் 2005 டிசம்பர் 13க்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930க்கு முந்தைய ஒரு தாள் அவர்களுக்கு என்ன மதிப்புடையது என்று யோசித்துப் பாருங்கள். அது எழும்பூரில் ஒரு கட்டில் நாடாவால் கட்டப்பட்டுக் கிடக்கிறது.

கல்வராயன் மலையை எடுப்பவர்கள் ஜாகீர், அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு தனியாருக்குக் கொடுக்கப்பட்ட நிலம், பற்றிய கோப்புகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே வந்தும், அந்த மலையில் ஜாகீர்தார்களின் பிடி 1976வரை நீடித்தது. சமவெளியில் ஒரு தலைமுறைக்கு முன்னரே முடிந்த கதை அங்கே ஏன் அவ்வளவு காலம் இழுத்தது என்பது தனியாக ஒரு புத்தகத்துக்கே உரிய கேள்வி.

தேதியைப் படிக்கும் வித்தை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். நிலப் பதிவுகளில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு, வரும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலையிலிருந்து 1891 ஜூன்வரை.

வேறு சில இடங்கள்

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் காலின் மெக்கன்சி திரட்டிய உள்ளூர்ச் செய்திகளின் தொகுப்பு உள்ளது. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான அவர் ஊர் ஊராக ஆட்களை அனுப்பிக் கேட்டு எழுதி வாங்கியவை அவை. மலையடிவாரப் பாளையங்களைப் பற்றிய செய்தி அதில் கிடைக்கக்கூடும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களுக்கும் சிறு வெளியீடுகளுக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தேர்ந்தெடுத்த சில கிராமங்களைத் தனித்தனியாக ஆய்ந்து நூல் வெளியிட்டார்கள். உங்கள் மலையில் ஓர் ஊர் அதில் இருந்தால் நல்வாய்ப்பு.

வரைபடத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காணாமல்போன ஊர்களும் பாதைகளும் கண்ணில் படும். அந்த வரைபடங்களின் முதல் கோடு சென்னையில் போட்டதுதான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையின் அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரிய முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம்.

ஐந்தாவது: கல்லும் கோடரியும்

ஏறுவதற்கு முன் பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு பகல் செலவழியுங்கள். நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் பழங்கால ஈமக் கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த மட்பாண்டங்கள் அங்கே இருக்கின்றன. மூடியின் மேல் எருமையும் பிற விலங்கும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாண்டங்கள் அரியவை. பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பையும் 1904இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. அவர் ஏற்காட்டில் வாழ்ந்தவர். சேர்வராயன் மலை ஊர்களில் மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளைப் பிள்ளையார் கோவிலில் வைத்து மக்கள் வழிபட்டதை அவர் பதிவுசெய்தார்.

இன்றும் மலைக் கோவில்களில் வழவழப்பான அப்படிப்பட்ட கற்களைப் பார்க்க நேரலாம். அவை வழிபாட்டுக்குரியவை. தொடாதீர்கள், எடுத்துப் பார்க்கக் கேட்காதீர்கள். அனுமதி கொடுத்தால் தூரத்திலிருந்து படம் எடுத்து, கோவிலின் பெயரையும் திசையையும் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நடுகல்லுக்கு எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் இயங்கும் தொல்லியல் துறையின் வெளியீடுகள் உதவும். 1972இல் வந்த ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதியைப் பார்த்துவிட்டுப் போனால் கல்லைப் பார்க்கும் கண் வரும். செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாட்டைக் காத்து இறந்த வீரனோடு சேர்த்து, இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் அதில் செதுக்கிப் பெயரும் எழுதியிருக்கிறார்கள். 1400 ஆண்டுக்கு முந்தைய அடிவார வாழ்வில் மாடு எவ்வளவு பெரிய சொத்து என்பதை இந்தக் கல்லைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை நான் அறியேன். புதிய கல் எதையேனும் கண்டால் சுண்ணாம்பு பூசியோ மாவு தடவியோ எழுத்தைப் படிக்க முயல வேண்டாம். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுத்துத் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஆறாவது: மலையில்

முதல் பயணத்தில் ஒன்றும் எழுதாமல் வருவதே நல்லது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரையோ நாட்டுத் தலைவரான நாட்டாரையோ முதலில் பாருங்கள். எதற்காக வந்திருக்கிறீர்கள், கேட்பதை என்ன செய்யப்போகிறீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். கையில் ஆவணக் காப்பகத்தில் படியெடுத்த தாள் ஒன்று இருக்கட்டும். ‘உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்றால் எவருக்கும் வாய் வராது. ‘அய்யா, 1890இல் இந்த ஊரில் இன்னார் வனத்துக்கு எதிராக மனுக் கொடுத்ததாக எழுதியிருக்கிறதே, அவர் எந்த வீடு?’ என்று கேட்டுப்பாருங்கள். பேச்சு தானாகத் திறந்துகொள்ளும். அந்தப் பெயரைச் சுமக்கும் பேரனே எதிரில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது நடைபாதை. தார்ச்சாலை வருவதற்கு முன் எந்தப் பக்கம் இறங்கினீர்கள்? கொல்லிமலையில் சேந்தமங்கலம் பக்கம் இறங்கியவர்களின் கடன், கல்யாணம், சந்தை எல்லாம் ஒரு திசையில் போயிருக்கும். துறையூர்ப் பக்கம் இறங்கியவர்களுடையது வேறு திசையில். பாதை தெரிந்தால் எந்தத் தாலுகாவின் பதிவேட்டில் மேற்கொண்டு தேடுவது என்பதும் தெரிந்துவிடும். பிறகு பயிர்: சாமை, தினை, கேழ்வரகு எந்தக் காட்டில், காப்பியும் மிளகும் எப்போது வந்தன, யார் முதலில் நட்டார்கள். உப்பும் துணியும் எங்கிருந்து வந்தன. காய்ச்சலில் யார் யார் போனார்கள்.

வயதையும் ஆண்டையும் நேராகக் கேட்டால் தோராயமே கிடைக்கும். தெரிந்த நிகழ்ச்சியோடு பொருத்திக் கேளுங்கள். அண்ணா இறந்த 1969, காமராஜர் இறந்த 1975, எம்.ஜி.ஆர். இறந்த 1987 ஆகியவை மலையிலும் நினைவிருக்கும். இன்னும் பழைய கதைகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தால் அது பெரும்பாலும் 1876. ஆனாலும் தமிழ் ஆண்டு 60க்கு ஒருமுறை திரும்புவதால் 1936 தாதுவும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும். முடிந்தால் உங்களோடு ஒரு பெண் வரட்டும். திண்ணையில் ஆண்கள் கூடியிருக்கும்போது அம்மாக்கள் ‘அவரைக் கேளுங்கள்’ என்று ஒதுங்கிவிடுவார்கள். விதை எங்கிருந்து வந்தது, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், பிரசவம் யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அரசுத் தாள்களில் இவை ஒரு வரிகூட இல்லை.

ஒலிப்பதிவுக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள். மூலிகை இருக்கும் இடம், புதைகுழிகள், குலச்சாமியின் மறைவான சடங்கு ஆகியவற்றைச் சொன்னாலும் அச்சில் போடாதீர்கள். போட்டால் வியாபாரியும் புதையல் தேடுபவனும் வந்துவிடுவார்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கிடைத்தால், எந்த ஊர்ப் பிள்ளை எப்போது முதன்முதலில் படிக்க வந்தது என்பது தெரியும். தனிப்பட்ட பெயர்களை வெளியிட வேண்டாம், ஆண்டும் ஊரும் போதும்.

ஏழாவது: கதைகள் முரண்படும்போது

மலையாளி மக்களிடம் அவர்கள் வந்த கதையைக் கேட்டால், காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பினார்கள் என்று சொல்வார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். யார் எந்த மலைக்குப் போனார் என்பதில்தான் வேறுபாடு. ஒரு மலையில் கேட்டால் பெரியவர் சேர்வராயனுக்குப் போனார் என்பார்கள், இன்னொரு மலையில் கல்வராயனுக்கு என்பார்கள். பழைய பதிவுகளிலேயே இந்த முரண் இருக்கிறது. எது சரி என்று தீர்ப்பளிக்கப் பலரும் துடிக்கிறார்கள். அதற்கு அவசியமில்லை. யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எப்படிச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எந்த மலை தன்னை மூத்ததாகச் சொல்கிறது, யார் யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள், எந்தக் கோவிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதோடு அந்தக் கதையை வைத்துப் பார்த்தால் அதன் வேலை என்ன என்று விளங்கும்.

தாளும் வாய்மொழியும் மோதும் இடங்களும் வரும். தாள்தான் உண்மை என்று நினைப்பது நகரத்துப் பழக்கம். வன நிர்ணய அதிகாரி ‘இங்கே குடியிருப்பு இல்லை’ என்று எழுதியிருக்கலாம். அந்த இடத்தில் பழைய அம்மிக்கல்லும் புளியமரமும் நடுகல்லும் நிற்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உங்கள் கருத்து எது, ஏன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எட்டாவது: எழுதுவதும் கொடுப்பதும்

அறுபது எழுபது பக்கச் சிறு நூல் போதும். ஒவ்வொரு செய்திக்கும் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு அதே பக்கத்தில் இருக்கட்டும். அரசாணை என்றால் எண்ணும் நாளும், வாய்மொழி என்றால் ஊரும் ஆண்டும். நாளைக்கு யாராவது அதை மனுவில் இணைக்க வேண்டுமென்றால் உங்கள் நடையழகு உதவாது, அந்த எண்தான் உதவும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் வரைவை மலைக்கு எடுத்துப்போய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். திருத்தச் சொன்னதைத் திருத்துங்கள், நீக்கச் சொன்னதை நீக்குங்கள். அச்சான பிறகு ஊராட்சி அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஊர்க்கவுண்டருக்கும் படிகளைக் கொடுங்கள். கூடவே ஆவணக் காப்பகத்தில் எடுத்த நகல்கள் முழுவதையும் ஒரு கட்டாகக் கட்டி, ஊருக்குள் பாதுகாப்பான ஓரிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நூலைவிட அந்தக் கட்டு அதிகம் தேவைப்படும். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி ஒரு படி கன்னிமரா நூலகத்துக்கும் போக வேண்டும். கடைசியில் நான்கைந்து பக்கங்களைக் கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் ஊர்க்காரர்கள் அதில் எழுதிவைக்கட்டும், அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டியவை அவை.